கொன்றவன் யாரென்று ஊருக்கே தெரியும்: நொந்த இன்ஸ்பெக்டர் வரும் குற்ற நாவலை எப்படிப் படிப்பது?

நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். போன மாதம் புதிதாக வந்த ஒரு தங்கை, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள், நான் கொடுத்திருந்த குற்ற நாவலைப் பாதியில் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணா, யார் கொன்னதுன்னு நாற்பதாவது பக்கத்துலயே சொல்லிட்டாங்க. இன்ஸ்பெக்டருக்கும் தெரியுது, ஊருக்கும் தெரியுது. அப்புறம் எதுக்கு இன்னும் முந்நூறு பக்கம்? அந்த இன்ஸ்பெக்டரும் தூங்காம, வீட்டுல பேசாம, ஏன் இப்படி நொந்துபோய்த் திரியறார்?"

இரண்டும் நல்ல கேள்விகள். சொல்லப்போனால் இரண்டும் ஒரே கேள்விதான். ரவுடிக் கும்பலோடு மல்லுக்கு நிற்கும் ஒரு போலீஸ் அதிகாரியை, அதுவும் உள்ளுக்குள் உடைந்துபோன ஒருவரை, நடுவில் வைத்து எழுதுவது நாவலில் ஒரு தனி வகை. துப்பறியும் கதை என்று நினைத்து அதைத் திறந்தால் ஏமாற்றம்தான் வரும். அன்றைக்கு அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

புதிரும் வழக்கும்

நம்மில் பலருக்கு முதலில் பழகியது புதிர்க் கதை. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மாத நாவலை வாங்கிக்கொண்டு ஏறினால், கோத்தகிரிக்குச் சற்று முன்னால் இருக்கும் அரவேணு வருவதற்குள் கொலையாளி பிடிபட்டிருப்பான். யார் என்பது கடைசி அத்தியாயம்வரை மறைந்திருக்கும். துப்பறிபவர் ஒரு சட்டைப் பொத்தானையோ சிகரெட் துண்டையோ வைத்து எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடுவார். அவருக்குக் கடன் இருக்காது, தலைவலி வராது. எட்கர் ஆலன் போ 1841இல், பாரிஸில் நடக்கும் ஓர் இரட்டைக் கொலையை வைத்து எழுதிய சிறுகதையிலிருந்து இந்த வடிவம் வளர்ந்தது என்பார்கள். அதில் துப்பறிபவர் போலீஸ்காரர் அல்ல. போலீஸால் முடியாததை மூளையால் முடிப்பவர்.

போலீஸ் ஸ்டேஷனே கதையின் வீடாக மாறியது பிற்பாடு. அமெரிக்காவில் எட் மெக்பெயின் 1956 முதல் ஒரு ஸ்டேஷனின் மொத்த ஆட்களையும் வைத்துத் தொடராக எழுதினார். சுவீடனில் மாய் ஷோவால், பெர் வாலூ என்ற இணையர் 1965 தொடங்கி 1975வரை பத்து நாவல்கள் எழுதினார்கள். அவர்களுடைய அதிகாரிக்கு வயிறு சரியில்லை, மனைவியோடு ஒத்துப்போகவில்லை, வழக்கும் சீக்கிரத்தில் நகராது. குற்றத்தைச் சாக்காக வைத்துத் தங்கள் நாட்டையே விசாரிப்பதுதான் அந்த இருவரின் நோக்கம். இன்றைக்குப் பல மொழிகளில் எழுதப்படும் நொந்த போலீஸ்காரர்களுக்கு அந்த அதிகாரி ஒரு பெரியப்பா மாதிரி.

வரலாறு இவ்வளவு போதும். கும்பல் உள்ளே வரும்போது கதை எப்படி மாறுகிறது என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஒரு வீட்டுக்குள் சொத்துக்காக நடக்கும் கொலையில், செய்தவன் தன் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வான். கும்பல் அப்படி இல்லை. வெட்டியது யாரென்று நாலு பேருக்குத் தெரிந்தால்தான் அடுத்த கடைக்காரர் பணத்தை எடுத்து வைப்பார், அடுத்த தோட்டக்காரர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார். பெயர் பரவுவதுதான் அந்தத் தொழிலின் முதலீடு. அதனால் 'யார்' என்ற கேள்வி முதல் நாளே தீர்ந்துவிடுகிறது. மிச்சமிருப்பது இன்னொரு கேள்வி: தெரிந்ததை யார் வாய் திறந்து சொல்வார்கள்? அந்த முந்நூறு பக்கமும் இதற்காகத்தான்.

நாமே ஒரு நாவல் செய்து பார்ப்போம்

சரி, நம் மலையிலேயே ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். கோத்தகிரிக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. விடியற்காலை. பிக்கப் வண்டி ஒன்று விளக்கு எரிந்தபடி நிற்கிறது. ஓட்டிவந்தவர் வெட்டுப்பட்டுக் கிடக்கிறார். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் இலை ஏஜென்ட் அவர். இலை விலை விழுந்த வருஷத்தில், உரத்துக்கும் ஆள்கூலிக்கும் வழியில்லாமல் ஊரே வட்டிக்கு வாங்கியிருக்கிறது. கொடுத்தது சமவெளியிலிருந்து வந்த ஒரு கும்பல். கட்ட முடியாதவர்களின் தோட்டத்தை அது ஒவ்வொன்றாக எழுதி வாங்குகிறது. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தில் புகார் கொடுப்போம் என்று பத்துப் பேரைத் திரட்டினார் ஏஜென்ட். அதற்காகத்தான் அவர் உயிர் போனது.

இன்ஸ்பெக்டர் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் தகவல் அறிக்கை போட்டாயிற்று. (2024 ஜூலை 1ஆம் தேதிக்குப் பிறகு நடக்கும் கதை என்றால் கொலைக்குப் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆவது பிரிவு; அதற்கு முந்தைய கதைகளில் எல்லோர் வாயிலும் வரும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 இதுதான்.) சாயங்காலத்துக்குள் ஸ்டேஷன் எதிரில் டீக்கடை வைத்திருப்பவர் முதல் பாராவில் நிற்கும் போலீஸ்காரர்வரை எல்லோருக்கும் பெயர் தெரிந்துவிடுகிறது. மூன்றாம் நாள், வேறொரு மாவட்டத்துக் கோர்ட்டில் பத்தொன்பது வயதுப் பையன்கள் இரண்டு பேர் வக்கீலோடு போய்ச் சரணடைகிறார்கள். செய்தித்தாளில் படம் வருகிறது. அவர்கள் வெட்டியவர்களும் இல்லை, வெட்டச் சொன்னவர்களும் இல்லை என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்.

இங்கே படிப்பவர் ஒரு சட்ட விஷயத்தைத் தெரிந்துகொண்டால் நாவலின் பாதி புரிந்துவிடும். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நம் நாட்டில் பொதுவாகச் சாட்சியமாகச் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொன்னதைப் புதிய சட்டத்தின் 23ஆவது பிரிவும் சொல்கிறது. அடித்து வாங்கிய வாக்குமூலத்தில் யாரும் ஜெயிலுக்குப் போகக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. அதில் ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளோடு நேரடியாகத் தொடர்புள்ள பேச்சு மட்டும் செல்லும். அதனால்தான் இந்த நாவல்களில் அரிவாளைத் தேடிப் பத்துப் பக்கம் போகிறது. தேயிலைச் செடிக்கு அடியில் அந்த அரிவாள் கிடைக்குமா என்பது சும்மா பரபரப்புக்காக வைத்தது இல்லை.

அடுத்து, சாட்சி. போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்வதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். அதில் அவரிடம் கையெழுத்து வாங்கக்கூடாது. கோர்ட்டில் அவர் மாற்றிப் பேசினால் அவரை மடக்க அந்தக் காகிதம் உதவும், அதையே ஆதாரமாக்கிவிட முடியாது. மாற்றிப் பேசுபவரைத்தான் பிறழ் சாட்சி என்கிறோம். கும்பல் வழக்குகள் பலவும் உடைவது இந்த இடத்தில்தான். அதனால் கெட்டிக்கார அதிகாரி, முக்கியமான சாட்சியை முடிந்தவரை சீக்கிரமாக மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி வாக்குமூலம் பதிய வைப்பார். நாவலில் அப்படி ஒரு காட்சி வந்தால், கார் துரத்தலைவிடக் கவனமாகப் படியுங்கள். சாட்சி அந்த அறைக்குள் போய் வெளியே வரும் இருபது நிமிடத்தில் கதையின் எடை முழுதும் இருக்கும்.

கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால், உள்ளே இருப்பவர் ஜாமீன் கேட்டு வெளியே வந்துவிடலாம். கலெக்டர் உத்தரவு போட்டால் 1982ஆம் வருடத்துக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் உள்ளே வைக்கலாம். ஆனால் அது தண்டனை இல்லை, தள்ளிப்போடுவதுதான். ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்வதும் அடிக்கடி நடக்கும்.

அவர் ஏன் நொந்திருக்கிறார்

நம் கதையில் சாட்சி ஒருவர் இருக்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா. அன்றைக்கு விறகுக்காக இருட்டோடு கிளம்பியவர், மேட்டிலிருந்து பார்த்துவிட்டார். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று அவருடையது. லயன் வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பு. மகளின் படிப்புக்காக அதே கும்பலிடம் அவரும் கடன்பட்டிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் அவரிடம் போய்ப் பேச வேண்டும். ஆனால் அவரால் அந்த லயன் வாசல்வரை நடக்க முடியவில்லை. ஏனென்றால் முந்தைய ஊரில், "நான் பாத்துக்கறேம்மா, தைரியமா சொல்லுங்க" என்று அவர் வாக்குக் கொடுத்து ஒரு சாட்சியைப் பேச வைத்தார். அந்த சாட்சி இப்போது உயிரோடு இல்லை.

அந்தத் தங்கை கேட்ட இரண்டாம் கேள்விக்கு இதுதான் பதில். இந்த வகை நாவலில் அதிகாரியின் காயமும் அவர் கையிலிருக்கும் வழக்கும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ள வேண்டும். வழக்கை முடிக்க அவர் எதைச் செய்தாக வேண்டுமோ, அதைத்தான் அவரால் இனி செய்ய முடியாது. அப்போது தூக்கம் வராதது அலங்காரம் ஆகாது, அதுவே கதை. எழுதத் தெரியாதவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு பாட்டில், செத்துப்போன மனைவியின் போட்டோ, சவரம் செய்யாத முகம், போதும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சோகத்தை உருவிவிட்டாலும் வழக்கு அப்படியே நகரும் என்றால், அது ஒட்டவைத்த சோகம். நீங்கள் படிக்கும் புத்தகத்தில் இதைச் சோதித்துப் பாருங்கள்: இந்த மனிதருக்குப் பதில் நன்றாகத் தூங்கி எழும் ஒருவரைப் போட்டால் கதை மாறுமா? மாறாவிட்டால் எழுத்தாளர் உங்களை ஏமாற்றியிருக்கிறார். எனக்கு அந்த மாதிரிப் புத்தகங்கள் மேல் உண்மையான கோபமே உண்டு. போலீஸ்காரர்கள் படும் பாடும் நிஜம், சாட்சிகள் படும் பாடும் நிஜம். இரண்டையும் வெறும் ஒப்பனையாக்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பேட்டையில் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் இருக்கிறார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "தம்பி, பொணத்தப் பாத்தா ரெண்டு நாளுல மறந்துரும். சாட்சி வீட்டு வாசல்ல உக்காந்து, அவங்க குடுத்த டீயக் குடிச்சிட்டு, பேசுங்கன்னு கெஞ்சினது மட்டும் மறக்காது." இந்த வகை நாவலுக்கு இதைவிட நல்ல முன்னுரையை நான் படித்ததில்லை.

உச்ச நீதிமன்றம் 2018இல் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்று, நாடு முழுக்க நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னது. வீட்டுக்குக் காவல் போடுவது, கேமரா வைப்பது, தேவைப்பட்டால் சாட்சியை வேறு ஊருக்கு மாற்றுவது எல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் நல்ல வழிதான். ஆனால் நம் கதையில் இருக்கும் அக்காவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அவருடைய அப்பா அம்மா ஏற்கெனவே ஒருமுறை ஊரையே விட்டுக் கப்பலேறி வந்தவர்கள். "மறுபடியும் ஊரை மாத்தச் சொல்றீங்களா ஐயா?" என்று அவர் கேட்டால் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார்? திறமையுள்ள நாவலாசிரியர் இங்கே பதில் எழுதமாட்டார். அவரைக் கொஞ்ச நேரம் அந்தத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிடுவார்.

குறுக்கு வழி

அப்புறம் ஒரு சோதனை வரும். எந்த நல்ல கும்பல் நாவலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது. சாட்சி இல்லை, 90 நாள் நெருங்குகிறது, மேலதிகாரி போனில் கத்துகிறார். ஸ்டேஷனில் ஒருவர் மெதுவாகச் சொல்வார்: "முடிச்சிரலாம் சார்." சரணடைந்த பையன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று மாவுக்கட்டோடு ஒரு படம் வரலாம். தப்பி ஓடும்போது சுட்டோம் என்றும் செய்தி வரலாம்.

இங்கே படிப்பவருக்கும் கை பரபரக்கும். முந்நூறு பக்கமாக அந்தத் தலைவன் செய்ததைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் இல்லையா? அந்தப் பரபரப்பை நமக்குள்ளேயே நமக்குக் காட்டுவதுதான் இந்த வகையின் பெரிய சாதனை. உச்ச நீதிமன்றம் 2014இல் என்கவுன்டர் சாவுகளுக்குப் பதினாறு வழிகாட்டு நெறிகளைப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் முதல் தகவல் அறிக்கையும் தனி விசாரணையும் வேண்டும் என்றது. ஆக, அதிகாரி சுட்டாலும் கதை அங்கே முடியாது, இன்னொரு வழக்கு தொடங்கும். சுட்டதும் கைதட்டலோடு முடியும் நாவல், தான் தொடங்கிய கேள்வியை விட்டு ஓடிவிடுகிறது. கும்பல் எதைச் செய்து பயத்தை உண்டாக்கியதோ அதையே ஸ்டேஷனும் செய்தால், ஏஜென்ட்டைப் போல நாளைக்குப் புகார் எழுத வருபவர் எந்த வாசலை நம்பி வருவார்?

கும்பலையும் வெறும் கொடூரமாக எழுதினால் பாதி நாவல்தான் கிடைக்கும். அதற்கு மேலே தலை இருக்கும், பணத்துக்கு ஒரு ஆள், கோர்ட்டுக்கு ஒரு வக்கீல், அடியில் பையன்கள். ஸ்டேஷனிலும் அதே மாதிரி ஒரு படிக்கட்டு உண்டு. அந்தப் பத்தொன்பது வயதுப் பையனை 'தம்பி' என்று வாழ்க்கையில் முதலில் கூப்பிட்டது கும்பல்தான் என்று தெரிந்தால், அவன் ஏன் செய்யாத கொலையைச் செய்தேன் என்கிறான் என்பது விளங்கும்.

மலை என்ன செய்கிறது

இந்தக் கதையைச் சென்னையில் வைத்தால் வேறு கதை. இங்கே வழி கொஞ்சம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு வரும் வண்டி குஞ்சப்பனை சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் வர வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். டிஎன் 43 என்று பதிவான உள்ளூர் வண்டிக்கு வேண்டாம். கூடலூர் வழியாக மைசூர்ப் பக்கம் தப்பலாம் என்றால், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். நம் இன்ஸ்பெக்டருக்கு இது ஒரு துப்பு. சாவடிப் பதிவில் சந்தேகப்படும்படி வெளியூர் வண்டி எதுவும் இல்லை. அப்படியென்றால் கும்பல் வந்தது டிஎன் 43இல். உள்ளூர்க்காரர் யாரோ வண்டி கொடுத்திருக்கிறார். தினமும் ஸ்டேஷனுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போகும் யாரோ.

குளிரும் விசாரணைக்குள் வரும். குளிரில் உடல் விறைக்கத் தொடங்குவது தாமதமாகும், விறைத்தது தளர்வதும் தாமதமாகும். சமவெளிக் கணக்கில் பழகியவர் இறந்த நேரத்தைத் தப்பாக எண்ணிவிடலாம். பனிமூட்டம் அதைவிடப் பெரிய தொல்லை. "அந்த மூட்டத்தில் முகம் தெரிந்ததா அம்மா?" என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கப்போகும் கேள்வி, முதல் பக்கத்து வர்ணனையிலேயே விதைக்கப்பட்டிருக்கும். அதனால் இந்த வகையில் இயற்கை வர்ணனை வந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மொழிதான். இந்த மலையில் தமிழ், படுகர்கள் பேசும் படுகு, மலையாளம், கன்னடம் எல்லாம் ஒரே டீக்கடையில் கேட்கும். இன்ஸ்பெக்டர் விசாரிக்கும்போது இரண்டு பேர் தங்களுக்குள் படுகில் ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நிற்கும் கான்ஸ்டபிள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பிறந்தவர், அவருக்குப் புரிந்தது. அவர் அதை அதிகாரியிடம் சொல்வாரா? பேசியவர்களில் ஒருவர் அவருக்கு மாமா முறை. ஊருக்கே தெரியும் என்று தலைப்பில் சொன்னேனே, அந்த 'தெரியும்' இப்படி உறவுக்குள் சிக்கிக்கொண்டுதான் கிடக்கிறது.

முதல்முறை படிப்பவருக்கு நான் சொல்லும் வழி எளிது. கொலையாளி யார் என்று ஊகிக்க வேண்டாம். யாரெல்லாம் உண்மை தெரிந்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவரையும் எது பேசவிடாமல் தடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். கடன், உறவு, பயம், வெட்கம், சில நேரம் வெறும் அலுப்பு. அதிகாரியையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். அவரும் தெரிந்துகொண்டே பேசாமல் இருப்பவர்தான்; வீட்டில் மனைவியிடம் இன்னும் அந்தப் பழைய சாட்சியைப் பற்றி அவர் சொல்லவில்லை.

முடிவு எப்படி இருக்கும் என்று அந்தத் தங்கை கேட்டாள். நம் கற்பனை நாவலுக்கு நான் இப்படி வைப்பேன். வழக்கு ஊட்டி கோர்ட்டுக்கு வரும்போது இரண்டு வருடம் ஓடியிருக்கும். இன்ஸ்பெக்டருக்கு எப்போதோ மாற்றல் ஆகிவிட்டது. ஆனால் விசாரணை அதிகாரியும் ஒரு சாட்சிதான், பெரும்பாலும் கடைசியாகக் கூப்பிடப்படும் சாட்சி. தன் முறை வரும்வரை மற்றவர்கள் சாட்சி சொல்லும் இடத்தில் அவர் உட்காரக்கூடாது. கோத்தகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அந்த அக்கா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வராண்டாவில் நிற்கிறார். அவரும் இன்ஸ்பெக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், பேசிக்கொள்ளவில்லை. டவாலி அக்காவின் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார். மகளின் கையை விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் உள்ளே போகிறார். கதவு சாத்தப்படுகிறது. இன்ஸ்பெக்டர் வெளியே நிற்கிறார். உள்ளே அவர் என்ன சொல்கிறார் என்று இங்கிருந்து கேட்கவில்லை.